கோயிலைச் சுற்றிய நூல்

செவ்வாய்க்கிழமை காலை அனெஸ்திஸ் டிக்கெட் அறைக்குள் வந்தபோது விசில் அவர் வாயில் இருந்தது. ஊதவில்லை, பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். அக்டோபர் மாதம். மலைமேல் பனிமூட்டம் விலகவில்லை. வாசலில் ஒரு பயணிகூட இல்லை.

"வாத்தியாரே, புத்தகத்த மூடு. கோயிலச் சுத்தி எவனோ நூல் கட்டியிருக்கான்."

"என்ன நூல்?"

"வந்து பாரு. எதையும் தொடாத."

நான் வாத்தியார் இல்லை. மாவ்ரோலிதி பழங்கோயிலில் பதினோரு ஆண்டுகளாக டிக்கெட் கொடுப்பவன். ஆள் வராத நேரத்தில் தத்துவப் புத்தகம் படிப்பதால் அவர் வைத்த பெயர் அது. அவர் அங்கே காவலர். நான் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பிருந்தே காவலர். நான் அவரை 'கிர் அனெஸ்தி', அதாவது அனெஸ்திஸ் ஐயா, என்று கூப்பிடுவேன்.

நூல் இருந்தது. கணுக்கால் உயரத்தில், நிற்கும் ஆறு தூண்களையும் விழுந்து கிடக்கும் உருளைக் கற்களையும் உள்ளே அடக்கி, வடக்குச் சுவரோடு ஒட்டி நிற்கும் புனித பரஸ்கெவியின் சிற்றாலயத்தையும் வளைத்து, ஒரே இழையாக ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து முடிச்சாகியிருந்தது.

அனெஸ்திஸ் மண்டியிட்டு அதை இரண்டு விரலால் தேய்த்தார். "மெழுகு பூசியிருக்கான். பனியில நனைஞ்சா நூல் இழுபடும், அளவு தப்பிப்போகும். அதுக்குத்தான். தொழில் தெரிஞ்சவன் வேலை."

"அளக்கவா கட்டியிருக்கான்?"

"பின்ன, கோயிலுக்கு இடுப்புக்கயிறா கட்டுவான்?"

பேனாக்கத்தியை எடுத்து அறுத்தார். கையில் சுற்றிக்கொண்டே நடந்தார். அறைக்கு வந்ததும் அளவு நாடாவை வைத்து அளந்தார். நூற்றுப் பதினாறு மீட்டர். ரொட்டி வாங்கிய காகிதப் பையில் போட்டு, மேலே தேதி எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பிறகு பதிவேட்டைத் திறந்தார். பேனா தாளுக்கு மேலேயே நின்றது. எழுதாமல் மூடிவிட்டார். அவர் பதிவேட்டை அப்படி மூடி நான் பார்த்ததில்லை.

காரணம் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நகரத்துத் தொல்லியல் அலுவலகத்திலிருந்து பார்வைக்கு வருகிறார்கள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பஸ் நிறையப் பயணிகள் வந்த நாளில், தூண் துண்டின்மேல் ஏறி நின்று கைகளை விரித்துப் படமெடுத்துக்கொண்ட ஒரு பெண்ணை அவர் விசிலடித்து இறக்கிக்கொண்டிருந்தபோது, கூரைவிளிம்புச் சிங்கத் தலையின் கீழ்த்தாடை காணாமல் போயிற்று. உள்ளங்கை அளவுக் கல். அதற்காக வந்த கடிதம் தெளிவாக இருந்தது: இன்னொன்று நடந்தால் அவரை நகரத்துக் கிட்டங்கிக்கு மாற்றுவார்கள். நிலத்தடியில், சன்னல் இல்லாத அறையில், உடைந்த பானைகள் அடுக்கிய பெட்டிகளுக்குக் காவல். இப்போது ஓய்வுக்கு இரண்டரை வருடம் மிச்சம். 'பெட்டிய எவன் திருடுவான்? அங்க நான் யாரைப் பாக்குறது?' என்று கடிதம் வந்த அன்று கேட்டார். சம்பளத்தைப் பற்றியோ தூரத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சந்தேகப்பட மனிதர்கள் வேண்டும் அவருக்கு. வடக்கே கில்கிஸ் பக்கத்திலிருந்து வந்தவர். கடல்தாண்டி அகதிகளாக வந்த குடும்பம். வேலை கிடைத்த இடத்தில் தங்கிவிட்டார். இந்த ஊர்க்காரர்கள் இன்னும் அவரை 'வடக்கத்திக்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளை உடையில் வந்தால் பழைய தெய்வங்களைக் கும்பிடும் கூட்டம் என்பார். தண்ணீர் பாட்டில் சிவப்பாக இருந்தால் மதுவைப் பலிகல்லில் ஊற்ற வந்தவன் என்பார். குனிந்து செருப்பு வாரைக் கட்டுபவன் கூழாங்கல் பொறுக்குகிறான். அமைதியாக உட்கார்ந்திருப்பவன் ஆள் நடமாட்டத்தை நோட்டம் பார்க்கிறான். உரிமம் இல்லாமல் யாராவது கையை நீட்டி நாலு பேருக்கு விளக்கம் சொன்னால் கள்ள வழிகாட்டி. ஒருமுறை தன் மனைவிக்குத் தூணைக் காட்டிய ஆளிடம் திருமணச் சான்றிதழ் கேட்டுவிட்டார்.

வருடத்துக்கு நாலைந்து பொட்டலங்கள் தபாலில் வரும். முன்பு கல்லை எடுத்துச் சென்றவர்கள், அதன் பிறகு வீட்டில் கெட்டது நடந்ததாகவும் மன்னிக்க வேண்டும் என்றும் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் மனம் இளகும். அவர் கல்லின்மேல் எச்சில் துப்பி, கட்டைவிரலால் தேய்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். "இது நம்ம கல் இல்ல. ஏதோ கடற்கரைக் கல். நல்லத அவனே வச்சுக்கிட்டான்." பத்தில் ஏழு முறை அவர் சொல்வது சரி. அதனாலேயே அவரை நல்லவர் என்று சொல்லிவிட மாட்டேன். துல்லியமானவர், அவ்வளவுதான்.

சந்தேகத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன். எல்லாவற்றையும் சந்தேகித்துக்கொண்டே போனால் கடைசியில் அசையாத ஒன்று காலுக்குக் கிடைக்கும் என்பார்கள். அனெஸ்திஸுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கோயில் எந்தத் தெய்வத்துடையது என்பதிலேயே தகராறு. முதலில் ஆர்தெமிஸ் என்று பலகை வைத்தார்கள், பிறகு அப்போலோ என்றார்கள், இப்போது வெறும் 'பழங்கோயில்'. பலகையையும் அவர் நம்புவதில்லை.

புதன்கிழமை காலை மறுபடி நூல்.

இந்தமுறை விசிலை ஊதினார். ஆளில்லாத குன்றில் அது எதிரொலித்தது. அறுத்தார், அளந்தார். அதே நூற்றுப் பதினாறு. இரண்டாவது பை, இரண்டாவது தேதி. வேலியைச் சுற்றிவந்தார். எங்கும் ஓட்டை இல்லை. பூட்டு உடையவில்லை. திரும்பி வந்து என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"உங்ககிட்ட. என்கிட்ட."

"நேத்து சாயங்காலம் எத்தன மணிக்குக் கிளம்பின?"

"உங்க கூடத்தானே கிளம்பினேன். உங்க வண்டியில."

"அதுக்கப்புறம்?"

"உங்க வீட்டுல பீன்ஸ் சூப் குடிச்சேன். நீங்கதான் ஊத்துனீங்க."

"அதுக்கப்புறம்?"

"போய்ப் படுத்தேன்."

"சாட்சி?"

"நான் தனியா இருக்கிறவன், கிர் அனெஸ்தி."

"அதத்தான் நானும் சொல்றேன்."

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்த வேளையில் எனக்கும் ஒரு கருத்து இருந்தது. அதைச் சொன்னேன். பழைய தெய்வங்களைக் கும்பிடுபவர்கள் புனித இடத்துக்கு எல்லை போடுவார்கள், திங்கட்கிழமை வந்த வெள்ளை உடைக்காரர்கள் நாலு பேரில் ஒருவர் உள்ளேயே ஒளிந்திருக்கலாம் என்றேன். புத்தக அறிவோடு அழகாக எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "ஓட்டல் கட்டப் போறானுங்க, அதான் நிலத்த அளக்குறானுங்க," என்றார். இரண்டுமே தவறு. இரண்டு பேரும் கோயிலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

அப்போது ஜம்பேத்தா வாளியும் துடைப்பமுமாக வந்தாள். கழிப்பறைகளையும் டிக்கெட் அறையையும் துப்புரவு செய்பவள். அறுபது வயதிருக்கும், இந்த ஊர்க்காரி; எல்லாரும் 'கிரா', அதாவது அம்மா, என்போம். வலது கையில் மூன்று விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"விரல்ல என்ன, கிரா ஜம்பேத்தா?" என்றேன்.

"அடுப்புல சுட்டுக்கிட்டேன்." மேசைமேல் இருந்த ரொட்டிப் பையைப் பார்த்தாள். நூலின் நுனி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. "அறுத்துட்டீங்களா?"

"அறுக்காம? பதக்கம் போடுவனா?" என்றார் அனெஸ்திஸ். "ஏன் கேக்குற?"

"சும்மாதான். முழு நூலா இருந்தா எதுக்காவது ஆகுமேன்னு."

"நேத்தைக்கும் ஒண்ணு இருக்கு. அதையும் அறுத்தாச்சு."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். வேகமாக வைத்ததில் தண்ணீர் என் காலில் தெறித்தது. "வடக்கத்தி மூளை," என்று மட்டும் சொன்னாள். பிறகு தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். நான் கவனித்தேன். கவனித்து என்ன, ஒன்றும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை விடியும் நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஓக் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். தனியாக இருந்து பிடித்தால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதற்காக என்னை அழைத்திருந்தார். என்னைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ளவும்தான். ஈரம் முழங்கால்வரை ஏறியது. காத்திருந்தபோது அனெஸ்திஸ் ஒரே ஒரு தடவை, "நாளைக்கு வர்றவங்க கையில ஆளப் புடிச்சு ஒப்படைக்கணும். இல்லேன்னா நான் பானைக்குக் காவல்," என்றார்.

கழிப்பறைப் பக்கத்துச் சின்னக் கதவு திறந்தது. அப்படியொரு கதவு இருந்ததும் அதற்கு ஒரு சாவி இருந்ததும் அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தன.

ஜம்பேத்தா பிளாஸ்டிக் கூடையோடு வந்தாள். சிற்றாலயத்தின் வாசலில் நின்று மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள். கூடையிலிருந்து நூல் உருண்டையை எடுத்து, ஒரு முனையைக் கதவு வளையத்தில் கட்டி, குனிந்தபடியே நூலை விட்டுக்கொண்டு நடந்தாள்.

அனெஸ்திஸ் விசிலை ஊதினார். யோசித்து ஊதினார் என்று நான் நினைக்கவில்லை. இருபத்து மூன்று வருடப் பழக்கம்.

அவள் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை.

அவர் மரத்தைவிட்டு வெளியே வந்து மறுபடி ஊதினார். "கிரா ஜம்பேத்தா! நில்லு! நான்தான்! அனெஸ்தி!"

அவள் முதல் மூலையைத் திரும்பினாள். நிற்கும் தூண்களை ஒட்டி, ஈரப்புல்லில், ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு. உதடுகள் மட்டும் அசைந்தன. அவர் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் கையை விரித்து நின்றார். அவள் நடந்துகொண்டே ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பேசவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போகாமல், நேராகவே வந்தாள். கடைசி நொடியில் அவர்தான் விலகினார். பயணிகள் கூட்டமே அடங்கிப்போகும் விசில் வாயிலிருந்து கீழே விழுந்து கயிற்றில் ஆடியது.

சுற்று முடிய வெகுநேரம் ஆனது. கதவு வளையத்தில் முடிச்சுப் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நடுவுல பேசக் கூடாது. நிக்கக் கூடாது. நின்னா மொதல்லேருந்து சுத்தணும். இப்ப திட்டுங்க."

"இது என்ன?"

"இடுப்புக்கயிறு. பரஸ்கெவிக்கு நேர்ந்துக்கிட்டது. கண்ணுக்குக் காவல் அவதான். எங்க லுகியாவுக்குக் கண்ணு ரெண்டும் போயிட்டிருக்கு. பத்ரா ஆஸ்பத்திரியில ஆபரேஷன் ஆச்சு. நாளைக்குக் காலையில கட்டுப் பிரிக்கிறாங்க. அதுவரைக்கும் இது அறாம இருக்கணும். நானே தேன்மெழுகக் காய்ச்சி, நானே நூலத் தோய்ச்சேன்." துணி சுற்றிய விரல்களைக் காட்டினாள். "ரெண்டு தடவ அறுத்துட்டீங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ராத்திரி."

லுகியா அவள் மகள். பேருந்து நிலையத்தில் பயணச்சீட்டுக் கூண்டில் இருந்தவள். கோடையிலிருந்து வேலைக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

"என்கிட்ட ஏன் கேக்கல?" என்றார் அனெஸ்திஸ்.

"கேட்டிருந்தா?"

"முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

"அப்புறம் என்ன? ரெண்டு நாளா ஒரு குன்று முழுக்க சந்தேகப்பட்டீங்க. வாத்தியார்கூட பாவம், மாட்டிக்கிட்டாரு. என்னை மட்டும் ஒரு வார்த்த கேக்கல. நான் என்ன, கல்லா? கல்லா இருந்தாலாவது எண்ணியிருப்பீங்க."

"சட்டம் ஒண்ணு இருக்கு," என்றார் அனெஸ்திஸ். "பழங்கோயில்ல சடங்கு கூடாது. எந்தச் சடங்கும். வெள்ளத் துணிக்காரனுக்கும் அதான், உனக்கும் அதான்."

"யாரு உங்க கோயிலுக்குச் செஞ்சா? நான் பரஸ்கெவிக்குச் செய்யிறேன்."

"அப்ப பரஸ்கெவிய மட்டும் சுத்து! எதுக்கு என் தூணெல்லாம்?"

"நீங்க சுத்திக் காட்டுங்க," என்றாள். "எங்க, ஒரு தடவ பரஸ்கெவிய மட்டும் சுத்திக் காட்டுங்க பாப்போம்."

அவர் உண்மையிலேயே போனார். சிற்றாலயத்தின் வலப்பக்கமாக நடந்தார். பத்து அடியில் அதன் சுவர் கோயிலின் வடக்குச் சுவருக்குள் போய் மறைந்தது. திரும்பி இடப்பக்கமாக வந்தார். அங்கேயும் அப்படியே. பழைய சுவரையே பின்சுவராக வைத்துக்கொண்டு யாரோ முந்நூறு நானூறு வருடங்களுக்கு முன் அதைக் கட்டியிருக்கிறார்கள். அதைச் சுற்ற வேண்டுமென்றால் முழுக் கோயிலையும் சுற்றித்தான் வர வேண்டும். இருபத்து மூன்று வருடங்களாக அந்தச் சுவரை அவர் தினமும் பார்க்கிறார், நானும் பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.

அவர் சுவரில் கைவைத்தார். கல்லின் இணைப்பில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார், பிற்காலத்துப் பூச்சா என்று. பிறகு கத்தியை மடித்துப் பைக்குள் போட்டார்.

அன்று மாலை பதிவேட்டில் எழுதினார். நான் படித்தேன். 'கோயிலைச் சுற்றி நூல் கட்டப்பட்டுள்ளது. கட்டியவர்: காவலர். நோக்கம்: கற்கள் நகர்கின்றனவா என்று அளத்தல்.'

"பொய் எழுதியிருக்கீங்க," என்றேன்.

"நீ நாளைக்கு வாயத் திறக்காத, போதும்."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அலுவலகத்து வண்டி வந்தது. இறங்கியவர் கிரியா பொலிக்ஸேனி, அதாவது பொலிக்ஸேனி அம்மையார். ஐம்பது வயது, கழுத்தில் கண்ணாடி தொங்க, மலைச் செருப்போடு. அவரை அனெஸ்திஸ் வாசலில் எதிர்கொண்ட விதத்தைப் பார்த்தால் கைதானவர் போல இருந்தது. தொப்பியைக் கையில் வைத்திருந்தார். ஜம்பேத்தா கழிப்பறை வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து மணிக்குத்தான் கட்டுப் பிரிப்பார்கள்.

பொலிக்ஸேனி கோயிலை நோக்கி நடந்தார். நூலுக்கு முன்னால் நின்றார்.

"இது?"

"அளவு நூல், கிரியா," என்றார் அனெஸ்திஸ். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்தது தெரிந்தது. "தெற்குப் பக்கத்துத் தூண் கொஞ்சம் சாயுதோன்னு ஒரு சந்தேகம். கல் நகந்தா நூல் தளரும்."

"யார் கட்டினது?"

"நான். பதிவேட்டுல இருக்கு."

பொலிக்ஸேனி குனிந்து நூலை விரலால் நிமிண்டினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நூல் போகும் வழியைப் பார்த்தார். தூண்கள், மூலை, பிறகு சிற்றாலயத்தின் கதவு வளையம்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார்.

அனெஸ்திஸ் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றுவரை மறக்கவில்லை. நான்தான் போட்டுக்கொடுத்துவிட்டேன் என்று அவர் அந்த நொடியில் முடிவு செய்துவிட்டார்.

"யாருக்கும் இல்ல," என்றார். "அளவு நூல்."

"தேன்மெழுகுல அளவு நூல்." அவர் சிரிக்கவில்லை. "எந்தப் பக்கமா சுத்தினீங்க?"

அனெஸ்திஸுக்குத் தெரியவில்லை. வலது கையைத் தூக்கினார், பிறகு இடது கையை. கழிப்பறைப் பக்கம் பார்க்காமலிருக்க அவர் பட்ட பாட்டில் கழுத்து நரம்பு புடைத்தது.

"எனக்கு ஆறு வயசுல டைபாய்டு," என்றார் பொலிக்ஸேனி, நூலிடம் சொல்வதுபோல. "எங்க அம்மா தீவுல எங்க கோயிலச் சுத்தினாங்க. அது தனியா நிக்கிற கோயில். சுலபம்." பிறகு குரல் மாறியது. "நினைவுச்சின்னத்துமேல எதையும் கட்டக் கூடாது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இது இங்க இருக்கக் கூடாது."

"இருக்காது."

பொலிக்ஸேனி அறைக்கு வந்து பதிவேட்டைத் திறந்தார். வியாழக்கிழமைக் குறிப்பைப் படித்தார், இரண்டு தடவை. பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடவில்லை, அடிக்கவும் இல்லை. பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, மற்ற பக்கங்களை எல்லாம் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டு, அந்த ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டுப் போய்விட்டார்.

பத்தரை மணிக்கு ஜம்பேத்தாவின் போன் ஒலித்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் போனோம்.

"ஒரு கண்ணுல வெளிச்சம் தெரியுதாம். டாக்டர் கைய ஆட்டினது தெரியுதாம். இன்னொண்ணு இன்னும் தெரியலயாம்."

"எந்தக் கண்ணு?" என்றார் அனெஸ்திஸ்.

"வலது."

"கைய ஆட்டினதா, இல்ல காத்து பட்டத வச்சுச் சொன்னாளா? நல்லாக் கேளு. டாக்டருங்க மொதல்ல இப்படித்தான் சொல்வானுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரைத் திட்டினாள். நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகள். அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

நாலரை மணிக்கு இருவருமாக நூலை அவிழ்த்தார்கள். அவர் முடிச்சை நகத்தால் பிரித்தார், கத்தியைத் தொடவில்லை. அவள் சுற்றிக்கொண்டே முன்னால் போக, நூல் தரையில் உராயாமல் தூக்கிப் பிடித்தபடி அவர் பின்னால் போனார். அதைத் துண்டு துண்டாக்கித் திரித்து மெழுகுவத்தியாகப் பரஸ்கெவிக்கு ஏற்றுவார்களாம். அவர் அலமாரியைத் திறந்து இரண்டு ரொட்டிப் பைகளையும் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

"நூத்திப் பதினாறு, நூத்திப் பதினாறு. அளந்து பாத்துக்கோ. அப்புறம் நான் எடுத்துக்கிட்டேன்னு சொல்லாத."

"அறுந்தது எரியுமா?" என்றேன்.

"நூலுக்கு என்ன தெரியும்," என்றாள் ஜம்பேத்தா. பைகளை வாங்கிக்கொண்டாள்.

குளிர்காலம் வந்தது. மாற்றல் கடிதம் வரவில்லை. டிசம்பரில் வரும் என்றார், வரவில்லை. பெரிய பண்டிகைக்கு முன் அனுப்ப மாட்டார்கள், தந்திரம் என்றார். ஜனவரியிலும் வரவில்லை. லுகியாவின் இடது கண் தெரியவே இல்லை. வலது கண்ணால் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

இப்போதும் காலையில் கோயிலைச் சுற்றிவந்ததும் அவர் முதலில் செய்வது பதிவேட்டைத் திறந்து அந்தக் காலி இடத்தைப் பார்ப்பதுதான். விரலால் தடவிப் பார்க்கிறார், எழுதி அழித்திருக்கிறார்களா என்று.

"ஏன் கையெழுத்துப் போடல? போடாததுக்கு ஒரு காரணம் இருக்கணும்."

"மெழுகு வாசனையில கண்டுபிடிச்சாங்க, கிர் அனெஸ்தி. பாவம்னு விட்டுட்டாங்க. அவ்வளவுதான்."

"வாசன எனக்கும்தான் அடிச்சுது. நான் கண்டுபிடிக்கலயே." பதிவேட்டை மூடுகிறார். விசிலைத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார். கதவருகே நின்று திரும்பிப் பார்க்கிறார். "உண்மையச் சொல்லு வாத்தியாரே. நீதானே சொன்ன?"

இல்லை என்று எத்தனை முறை சொல்வது? இப்போதெல்லாம் நான் புத்தகத்தைத் திறந்துகொள்கிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, முதல் பஸ் வருவதற்குள் ஒருமுறை சுவரைப் பார்த்துவர வடக்குப் பக்கமாகப் போகிறார்.